டெல்டாவில் காரணம் தெரியாத தடிப்பும் விடாத காய்ச்சலும்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாற்றலாகி வந்த வங்கி ஊழியர், வளைகுடாவிலிருந்து திரும்பிப் பூர்விக வீட்டைத் திறந்து குடியேறிய குடும்பம், கல்யாணமாகி வந்த பெண், கட்டட வேலைக்கு வந்தவர் என்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உடம்பில் ஏதோ தடித்திருக்கிறது, அல்லது படர்ந்திருக்கிறது. கூடவே காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. சிலருக்குக் காய்ச்சல் போன பிறகும் அசதி போகவில்லை. கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்: காணாக்கடி, அக்கி, சூடு, கரப்பான், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. இது என்ன நோய் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் தடிப்பை அழிக்காமல், நடந்ததை மறக்காமல் அவர் முன்னால் கொண்டுபோய் வைப்பது நம் கையில்தான் இருக்கிறது. பாதி நோய்கள் பிடிபடாமல் இழுப்பது இந்த இடத்தில்தான்.

காத்திருக்கக் கூடாதவை

இந்த அறிகுறிகள் இருந்தால் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். உதடோ நாக்கோ கண்ணிமையோ வீங்கி மூச்சு முட்டினால் உடனே 108. புது மாத்திரை ஏதாவது ஆரம்பித்த சில நாள்களில், அல்லது சில வாரங்களுக்குள், வாய்க்குள்ளும் கண்ணிலும் பிறப்புறுப்பிலும் புண் வந்து தோல் கொப்புளித்து உரிந்தாலும் அப்படியே. வலிப்பு மாத்திரை, யூரிக் அமில மாத்திரை, சல்ஃபா வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் இதை முக்கியமாக மனத்தில் வைக்க வேண்டும். ஊதா நிறப் புள்ளிகள் தெரிந்தால் ஒரு கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போதும் நிறம் மங்காமல் இருந்தால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். காய்ச்சலோடு அப்படி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காய்ச்சலில் ஆள் தூங்கி வழிவது, பேச்சு குழறுவது, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது, மூச்சு வாங்குவது எல்லாம் இதே வரிசைதான். டெங்குவில் இன்னொரு சிக்கல் உண்டு. காய்ச்சல் இறங்கியதும் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் விட்ட ஒன்றிரண்டு நாளில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால் தாமதிக்கக் கூடாது.

களிம்பு தடவும் முன்

நம்மூர்ப் பழக்கம் தெரிந்ததுதான். கடைக்குப் போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டுவோம். “அண்ணே, இதுக்கு ஏதாவது குடுங்க” என்றால் ஒரு டியூபும் ஒரு வேளைக்கு நாலு மாத்திரை வீதம் ஒரு செட்டும் வரும். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும். அடங்குவதுதான் பிரச்சினையே. அந்த டியூப்களில் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். படர்தாமரைக்கு அதைத் தடவினால் சிவப்பு குறையும், பூஞ்சை உள்ளே நன்றாக வளரும். வட்டத்தின் ஓரம் கலைந்து, பார்த்தவுடன் அடையாளம் சொல்லக்கூடிய ஒன்று தோல் மருத்துவரே யோசிக்க வேண்டிய ஒன்றாகிவிடும். நாடு முழுக்க இப்போது படர்தாமரை எளிதில் அடங்காமல் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்தக் கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

டியூபின் பின்பக்கம் சிறிய எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தப்பான மருந்து என்று அர்த்தமில்லை. சரியான நோய்க்கு மருத்துவர் எழுதினால் நல்ல மருந்து. தெரியாத தடிப்புக்கு நாமாகத் தடவக் கூடாது, அவ்வளவுதான். ஏற்கெனவே தடவிவிட்டீர்களா? காலி டியூபையும் மாத்திரை அட்டையையும் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. இன்னொன்று: யாரோ கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் சொல்ல வேண்டும்.

அரிப்பு தாங்கவில்லை என்றால் அதுவரைக்கும் ஈரத்துணி ஒத்தடம், தேங்காய் எண்ணெய், தளர்ந்த பருத்தி உடை போதும்.

ஒரு தாளும் சில படங்களும்

தடிப்புக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: ஓ.பி. வரிசையில் நிற்கும்போது மறைந்துவிடும். காணாக்கடி என்று இங்கே சொல்வது பெரும்பாலும் அப்படித்தான். தடித்துத் தடித்து எழும்பும், சில மணி நேரத்தில் தடமே இல்லாமல் அமுங்கும், வேறு இடத்தில் எழும்பும். அதனால் கண்ணில் பட்டதும் படம் எடுத்துவிடுங்கள். ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். கிட்டத்தில் ஒன்று, உடம்பில் எந்த இடம் என்று புரியும்படி தள்ளி ஒன்று. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு மறுநாள் பார்த்தால் அது நகர்கிறதா, அதே இடத்தில் கிடக்கிறதா என்று தெரியும். மருத்துவருக்கு இது பெரிய தகவல்.

இணையத்தில் பார்க்கும் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான் இருக்கும். அங்கே செக்கச் சிவந்து தெரிவது மாநிறத்தில் ஊதாவாகவோ, கருமையாகவோ, வெறும் சொரசொரப்பாகவோ தெரியும். ‘சிவக்கவில்லையே’ என்று விட்டுவிடாதீர்கள். உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் மேலண்ணம் ஆகிய இடங்களையும் பாருங்கள்.

தாளில் எழுத வேண்டியது அதிகமில்லை. காய்ச்சல் தொடங்கிய தேதி, தடிப்பு தொடங்கிய தேதி, எது முந்தியது. எங்கே ஆரம்பித்து எப்படிப் பரவியது. அரிக்கிறதா, எரிகிறதா, வலிக்கிறதா, மரத்துப்போயிருக்கிறதா. தெர்மாமீட்டர் வைத்துக் காலை, மாலை காய்ச்சல் அளவு. அதற்கு முந்திய மூன்று வாரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள். வயலில் இறங்கினீர்களா, வாய்க்காலில் குளித்தீர்களா, பூட்டிக் கிடந்த வீட்டைச் சுத்தம் செய்தீர்களா, கொல்லைப் புதரை வெட்டினீர்களா, வைக்கோல் போரில் வேலையா, வீட்டில் எலி நடமாட்டமா? வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கிறதா? சாப்பிட்ட எல்லா மருந்தும், சூரணமும் லேகியமும் தலைச்சாயமும் உட்பட. புதிய பாலுறவுத் தொடர்பு இருந்தால் அதை எழுத வேண்டாம், மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அரிக்காத தடிப்பு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வந்தால் அவர் எப்படியும் கேட்கத்தான் போகிறார்.

இந்த மண்ணில் எதையெல்லாம் நினைக்க வேண்டும்

நீங்களே நோய்க்குப் பெயர் வைத்துக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தத் தகவல் முக்கியம் என்று தெரிந்தால்தான் மறக்காமல் சொல்வீர்கள்.

முதலில் ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாளில் வருவது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னஞ்சிறு பூச்சிக் குஞ்சுகள் புதரிலும் புல்லிலும் வரப்பிலும் இருந்து ஏறிக் கடிக்கும். கடித்தது தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள், பெரும்பாலும் பத்து நாள் கழித்து, காய்ச்சல், கடும் தலைவலி, உடம்புவலி. மழை ஓய்ந்து பனி தொடங்கும் காலத்தில் தமிழ்நாட்டில் இது அதிகம். சம்பாப் பயிர் நிற்கும் காலமும் அதுதான். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு உண்டாகும். வலிக்காது, அரிக்காது. அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. அது இருக்கும் இடங்களும் அப்படி: அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், மார்புக்கு அடியில், முழங்காலுக்குப் பின்னால். எல்லாருக்கும் இது இருக்காது. இருந்துவிட்டால், எந்த லேப் ரிப்போர்ட்டும் வரும் முன்பே மருத்துவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆகவே பல நாள் காய்ச்சலோடு மருத்துவரிடம் போகும் முன் குளியலறையில் உடம்பு முழுக்க ஒரு முறை தேடுங்கள். முதுகுப் பக்கத்தை வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். பெண்கள் சங்கடப்பட்டு மறைக்கும் இடங்களில்தான் இது அதிகம் ஒளிந்திருக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, சிஸ்டர் ஒருவர் கூட இருக்கட்டும் என்றோ கேட்பதில் தவறே இல்லை. கேளுங்கள். டாக்சிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த மருந்திலேயே இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய்விடும். இவ்வளவு எளிதில் குணமாகும் ஒன்றுக்கு ஐ.சி.யு. வரை போவது போன்ற வருத்தம் வேறில்லை.

எலிக்காய்ச்சலில் தடிப்பு அபூர்வம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் காலில் வெடிப்போடு இறங்குபவர்களுக்கு வரும். கெண்டைக்கால் தசை தொட்டாலே வலிப்பது, பீளை இல்லாமல் கண் சிவப்பது இரண்டையும் சொல்ல மறக்காதீர்கள். டெங்குவில் தடிப்பு பெரும்பாலும் சில நாள் கழித்தே வரும், சிவந்த பரப்பில் இடையிடையே வெளுத்த திட்டுகளோடு. சிக்குன்குனியாவில் காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். மூட்டுவலி மாதக்கணக்கில் இழுக்கும். இவை இரண்டுக்கும் பிறகு சில வாரம் அசதி இருப்பது வழக்கம்தான்.

காய்ச்சல் இல்லாமல் தோலில் மட்டும் என்றால் கதை வேறு. இரவில் விரலிடுக்கிலும் இடுப்பிலும் அரித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் சிரங்கு. வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து தடவி, துணிகளை வெந்நீரில் துவைத்தால்தான் ஒழியும். தனியாக ஒருவர் தடவினால் மாதக்கணக்கில் பந்து போல மாறி மாறி வரும். முகம், கழுத்து, கை என்று துணி மூடாத இடங்களில் மட்டும் தடித்தால் பார்த்தீனியம் செடியையும் பூச்சிமருந்தையும் வெயிலையும் சந்தேகப்பட வேண்டும். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிக்கு விளக்கம் தேவையில்லை.

வெளிறிய அல்லது செம்பு நிறத் தேமல் அரிக்கவே இல்லை, அந்த இடத்தில் தொட்டாலும் உணர்ச்சி குறைவு என்றால் தொழுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005 இறுதியிலேயே எட்டிவிட்டது, நோய் போய்விடவில்லை. கூட்டு மருந்து அரசு சுகாதார நிலையத்திலேயே இலவசம், ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகும். பயந்து ஒளிப்பவர்களுக்குத்தான் விரல்கள் மடங்குகின்றன.

அப்புறம், ஊரோடும் பருவத்தோடும் சம்பந்தமில்லாத ஒன்று. இளம் பெண்களுக்கு வாரக்கணக்கில் லேசான காய்ச்சல், காலையில் விரல் மூட்டுப் பிடிப்பு, வாய்ப்புண், முடி கொட்டுவது, வெயில் பட்டால் கன்னத்திலும் மூக்கின்மேலும் தடிப்பு என்றால் லூபஸ் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் நோய்களை நினைக்க வேண்டும். ‘ரத்தசோகை, டென்ஷன்’ என்று இரண்டு வருடம் ஓட்டப்படுவது இந்த வகைதான்.

எந்த வாசலில் நுழைவது

முதல் வாசல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். சென்னையிலிருந்து வருபவர்கள் இதை ஏளனமாகப் பார்ப்பார்கள். ஆனால் அந்த வட்டாரத்தில் இந்த வாரம் என்ன காய்ச்சல் ஓடுகிறது என்று முதலில் தெரிவது அங்கேதான். உங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் யார் என்று பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெருவில் நாலு பேருக்குக் காய்ச்சல் என்றால் அவரிடம் சொல்வது ஊருக்கும் நல்லது. எங்கே போவதென்றே குழப்பமாக இருந்தால் 104 எண்ணில் அரசு மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

அங்கே முடியாவிட்டால் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகள். அதற்கு மேல் மருத்துவக் கல்லூரிகள்: தஞ்சாவூர் 1959 முதல், திருவாரூர் 2010 முதல், நாகப்பட்டினம் 2022 முதல். மேற்கே இருப்பவர்களுக்குத் திருச்சி. தஞ்சாவூருக்குப் புதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ‘பெரிய ஆஸ்பத்திரி’ என்று பொதுவாகக் கேட்டால் ஊருக்குள் இருக்கும் ராஜா மிராசுதார் மருத்துவமனையில் இறக்கிவிடக்கூடும். அது பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் பேர்போனது. தோல் பிரிவுக்கு ‘மெடிக்கல் காலேஜ்’ என்று கேளுங்கள்.

காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்திருந்தால் முதலில் பொது மருத்துவம். தோல் மட்டும் என்றால் நேரே தோல் பிரிவு. சீட்டு போடும் இடத்தில் ‘அரிப்பு’ என்று ஒரே சொல்லில் சொன்னால் தோல் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள், காய்ச்சல் கதை அங்கேயே விடுபட்டுப் போகும். ‘பதினைந்து நாளாகக் காய்ச்சல், இப்போது தடிப்பும்’ என்று சொல்லுங்கள். அரசு மருத்துவமனை ஓ.பி. காலை நேர விவகாரம், விடிந்ததும் கிளம்புங்கள்.

தனியார் கிளினிக்கானாலும் இதேதான். போனதும் ஒரு ஊசி, மூன்று நாள் மாத்திரை, என்ன நோய் என்ற பேச்சே இல்லை என்றால் என்ன ஊசி என்று கேளுங்கள். கேட்கத் தயங்குகிறோம், படித்தவர்கள்கூட. ‘என்னவென்று சந்தேகப்படுகிறீர்கள் டாக்டர்? எத்தனை நாளில் குறையாவிட்டால் திரும்ப வரணும்?’ என்ற இரண்டு கேள்விக்கு மரியாதையாகவே பதில் வாங்கலாம்.

குறையவில்லை என்றால் அதே மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். நம்மில் பலர் செய்வது நேர்மாறு. மூன்று நாளில் கேட்கவில்லையா, அடுத்த டாக்டர். அவரிடமும் கேட்கவில்லையா, கும்பகோணத்தில் இன்னொருவர். ஒவ்வொருவரும் முதல் நாளிலிருந்து தொடங்குவார்கள், ஒவ்வொருவரும் அதே முதல் மாத்திரையைக் கொடுப்பார்கள். ‘நான் கொடுத்தது வேலை செய்யவில்லை’ என்பது முதல் மருத்துவருக்குத் தெரிந்திருந்தால் அவர் அடுத்த படிக்குப் போயிருப்பார்.

பரிசோதனைகள்

முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, சிறுநீர் ஆகியவை அடிப்படை. சிறுநீர்ப் பரிசோதனையை அலட்சியம் செய்யாதீர்கள். தோலில் தெரியும் சில நோய்கள் சத்தமில்லாமல் சிறுநீரகத்தைத் தொடுகின்றன, புரதம் கசிவது அங்கேதான் முதலில் தெரியும். காய்ச்சல் பரிசோதனைகளில் நாள் கணக்கு முக்கியம். டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்.எஸ்.1 என்ற ரத்தப் பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் பயன்படும். ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சல் போன்றவற்றின் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாள் எடுத்து ‘நெகட்டிவ்’ வந்தால் அது முடிவான பதில் இல்லை. தேதி எழுதிய அந்தத் தாள் இங்கே கைகொடுக்கும்.

எச்.ஐ.வி. பரிசோதனை எழுதிக் கொடுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீண்ட காய்ச்சலில் எல்லாருக்கும் கேட்பதுதான். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியம் காப்பார்கள். தோல் துணுக்கு எடுக்கச் சொன்னாலும் பயம் வேண்டாம். மரத்துப்போகும் ஊசி போட்டு மூன்று, நான்கு மில்லிமீட்டர் அளவு எடுத்து ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். அதற்கு முன்னால் தடிப்பின்மேல் களிம்பு தடவியிருந்தால் சொல்லிவிடுங்கள்.

‘ஃபுல் பாடி செக்கப்’ விளம்பரங்களுக்குப் பணத்தைக் கொட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேள்வி இல்லாமல் எடுத்த ஐம்பது டெஸ்டில் ஏதாவது ஒன்று கொஞ்சம் கூடக்குறைய வந்து வேறு பயத்தைக் கிளப்பும்.

மாரியம்மனும் செங்காவியும் பத்தியமும்

அம்மை போட்டால் இங்கே வேப்பிலை செருகுவார்கள், புன்னைநல்லூருக்கோ வலங்கைமானுக்கோ சமயபுரத்துக்கோ வேண்டிக்கொள்வார்கள். செய்யட்டும். மருத்துவரிடம் காட்டினால் அம்மன் கோபிக்க மாட்டாள். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் சின்னம்மை கடுமையாகலாம். வைரஸ் மருந்து முதல் கொப்புளம் வந்த ஒரு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றியபின் போவதில் பலனில்லை.

அக்கிக்கும் அதே அவசரம். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிந்து கொப்புளித்தால் மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் செங்காவியால் (சிவப்புக் காவி மண்ணால்) எழுதச் சொல்வார்கள். எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மூன்று நாளுக்குள் மருந்தையும் தொடங்கிவிடுங்கள். பின்னால் வரும் நரம்புவலி வயதானவர்களை மாதக்கணக்கில் வாட்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றே கண் மருத்துவர்.

கத்திரிக்காய், கருவாடு, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்து என்று மாமியாரிலிருந்து பால்காரர் வரை சொல்வார்கள். குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிடும்போதெல்லாம் தடிக்கிறது என்றால் அதை விடுங்கள். மற்றபடி வாரக்கணக்கில் ரசஞ்சோறு மட்டும் சாப்பிட்டால் அசதி கூடத்தான் செய்யும். சித்த மருத்துவம் பார்ப்பதென்றால் அரசு மருத்துவமனையிலேயே சித்தப் பிரிவு பல இடங்களில் இருக்கிறது. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் பற்பமும் செந்தூரமும் வேண்டாம், அவற்றில் பாதரசமோ ஆர்சனிக்கோ இருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு பெயர் கிடைக்கவில்லை என்றால்

கிடைக்காமலும் போகும். சில நோய்கள் முழு உருவம் காட்ட மாதங்கள் எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் எடை, காய்ச்சல், புதிய அறிகுறி என மாதம் ஒரு பக்கமாவது எழுதிவையுங்கள். எடை குறைவது, இரவில் வியர்த்துத் துணி நனைவது, கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் ஆகியவை வந்தால் அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் போங்கள். காசநோய் முதற்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும்.

மேல் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ போவது டெல்டாக்காரர்களின் வழக்கம். உங்கள் மருத்துவரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் எந்தப் பிரிவு என்ற அலைச்சல் குறையும். உள்நோயாளியாகச் சேர நேர்ந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உதவும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் வைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்ய வேண்டும். வெளியூர்க் குடும்ப அட்டை வைத்திருப்பவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே முகவரியை மாற்றிவிடுவது நல்லது.

எல்லாக் காகிதத்தையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் கட்டி, ஒவ்வொன்றையும் செல்போனிலும் படம் எடுத்துவையுங்கள். தோல் துணுக்குப் பரிசோதனை செய்திருந்தால் ரிப்போர்ட்டோடு நிற்க வேண்டாம்: அந்தக் கண்ணாடி ஸ்லைடையும் துணுக்கைப் பதித்த மெழுகுக் கட்டியையும் லேபில் வைத்திருப்பார்கள், எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். வேறு ஊர் மருத்துவமனைக்குப் போகும்போது அதைக் கொண்டுபோனால் மறுபடி வெட்டாமலே இன்னொரு நிபுணர் பார்த்துச் சொல்ல முடியும்.